எட்டு நாள் ஊர்

ஆகசுட்டுத் திங்களின் தொடக்கத்தில் வேல்சு நாட்டில் ஏதேனும் ஒரு புல்வெளியில் ஓர் ஊர் எழும்பும். பேரரங்கும் கூடாரங்களும் நூற்கடைகளும் கொண்ட அவ்வூர் எட்டு நாள் இருந்து கலைந்துவிடும். அடுத்த ஆண்டு அது வேறொரு வட்டாரத்தில் எழும். பெரும்பாலும் ஓராண்டு வடக்கே, மறு ஆண்டு தெற்கே. ஏறத்தாழ 1,50,000 பேர் வந்து செல்லும் இந்நாட்டுக் கலைவிழாவை வேல்சியர் 'ஐசுதெத்வொத்' என்பர். 'அமர்வு' என்பது அதன் பொருள்.

சம்பளம் பெறும் பணிக்குழு ஒன்றும், அரசின் நல்கையும் உண்டு. ஆயினும் விழாவைத் தாங்குவோர் ஊர்மக்களே. ஓராண்டும் ஒரு நாளும் முன்னரே விழா முறைப்படி அறிவிக்கப்படும். அதற்கும் முன்பே சிற்றூர்தோறும் குழு கூடும். பாட்டரங்கு நடத்தியும் தேநீர் விருந்து வைத்தும் பணம் திரட்டுவர். விழா நாள்களில் வாயிற்காவலும் வழிகாட்டலும் கூலி பெறாத தொண்டர் கைகளிலேயே.

இவ்வளவு உழைப்பும் எதற்காக? அந்த எட்டு நாளும் மேடையில் வேல்சு மொழி ஒன்றே ஒலிக்க வேண்டும் என்பதற்காக.

இந்நெறி எளிதில் வந்ததன்று. 1847இல் வேல்சு மொழி அறியாத ஆங்கிலேயர் மூவர் அந்நாட்டுக் கல்வியை ஆய்ந்து, மக்களின் பின்தங்கிய நிலைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவர்தம் மொழியையே குற்றஞ்சாட்டினர். அப்பழி கற்றோர் நெஞ்சில் நஞ்சாய் இறங்கிற்று. 1861இல் அபெர்தாரில் தொடங்கிய நாட்டு விழாவிலேயே ஆங்கிலம் விரைவில் அரியணை ஏறியது. தம் மொழி பாட்டுக்கு ஆகும், அறிவியலுக்கு ஆகாது என்று வேல்சியரே பேசினர்! வேல்சு மொழிக்கே மேடை என்னும் நெறி 1937இல் வகுக்கப்பட்டது. 1950இல் கேர்பில்லி விழாவில்தான் அது முழுமையாய் நடைமுறைக்கு வந்தது.

அதனால் பிறர்க்குக் கதவடைப்பு நேர்ந்ததோ எனின், இல்லை. மொழி அறியாதார்க்குச் செவிக்கருவி வழியே உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. கற்போர்க்குத் தனியிடம் உண்டு. விருந்தினர் பொருட்டு வீட்டுமொழியை மாற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

விழாவின் உச்சம் மரபுப்பா இயற்றியவர்க்கு வழங்கும் பாவலர் இருக்கை. அம்மரபின் 'கங்கானெத்' என்னும் தொடை நம் மோனை எதுகையினும் இறுகியது. அடியின் ஒரு பாதி மெய்யெழுத்துகள் மறுபாதியிலும் அதே வரிசையில் வருதல் அதன் முதன்மையான ஒரு வகை. தகுதியான பா வாராவிடின் இருக்கையை எவர்க்கும் ஈயார். வென்றவர் யாரென்பது அவைக்குத் தெரியாது. புனைபெயர் கூவப்பட்டதும் மக்கள் நடுவிலிருந்து ஒருவர் எழுவார். தலைமைப் பாவலர் வாளைப் பாதி உருவி 'அமைதி உண்டோ?' என மும்முறை வினவ, அவை முழுதும் 'அமைதி' என முழங்கும்.

1917இல் புனைபெயர் கூவப்பட்டபோது எவரும் எழவில்லை. வென்றவர் எத் வின் என்னும் உழவர் மகன். சூலை 31ஆம் நாளே அவர் பெல்சியப் போர்க்களத்தில் மாய்ந்திருந்தார். இருக்கையின்மேல் கருந்துணி போர்த்தினர். அது அவர் பெற்றோரின் பண்ணைவீட்டுக்குச் சென்றது. அவ்வீடு இன்றும் காக்கப்படுகின்றது.

விழாச் சடங்குகளுள் பல தொன்மையானவையல்ல. 1792இல் அயோலோ மோர்கனுக்கு என்பார் தாமே புனைந்து, பழமையெனப் பரப்பியவை அவை. மெய்யான பழமை இருக்கப் பொய்ப்பழமை எதற்கு? 1176இலேயே அபெர்தெய்வியில் ரீசு வேந்தர் பாவலரையும் இசைவாணரையும் போட்டிக்கு அழைத்து இருக்கை வழங்கினார் என்பது வரலாறு.

1901இல் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பேசிய மொழியை 2021இல் பேசியோர் 17.8 விழுக்காட்டினரே. எனவே நெறியைத் தளர்த்தினால் கூட்டம் பெருகும், பணமும் பெருகும் என்னும் குரல் அவ்வப்போது எழுகின்றது. 1860களில் திறந்துவிட்ட அதே வாயில்தான் இது. ஆண்டின் மற்ற நாளெல்லாம் கடையிலும் அலுவலகத்திலும் ஆங்கிலமே ஆள்கையில், எஞ்சிய எட்டு நாளையும் கேட்பது என்ன நடுநிலை?

கொள்ளைநோயால் 2020, 2021 ஆகிய ஈராண்டும் திடலில் கூட இயலாதிருந்து, 2022இல் திரெகாரனில் மீண்டும் கூடினர். 2025இல் இங்கிலாந்து எல்லையை ஒட்டிய இரெக்சம் வட்டாரத்தில், ஆங்கிலமே மிகுதியும் ஒலிக்கும் மண்ணில், அவ்வூர் எழுந்தது. மேடை மொழி மாறவில்லை.