புன்னைக்காயலில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது

போன மாதம் புன்னைக்காயலுக்குப் போயிருந்தேன். மாதா கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். உண்மையில் போனது ஓர் ஆஸ்பத்திரியைத் தேடி. நானூற்று எழுபது வருஷத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரி.

முக்காணி தாண்டி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து, தாமிரபரணி கடலில் விழும் இடத்தில் ஊர். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "இங்கே பழைய ஆஸ்பத்திரி எங்கே இருந்தது?" என்றேன். அவர் பதறிப்போய், "யாருக்கு மேலுக்கு முடியல அண்ணாச்சி? ஆட்டோ பிடிச்சி ஆத்தூருக்குப் போங்க" என்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "அச்சாபீஸ் இருந்திச்சின்னு சொல்வாவ. ஆஸ்பத்திரி கேள்விப்பட்டதில்ல."

அச்சு சரிதான். அண்டிரிக் அடிகளார் என்று நம் மக்கள் அழைத்த ஹென்றிக் ஹென்றீக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்தில் இந்நாட்டில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் புத்தகம் அதுதான். அதை எல்லோரும் சொல்கிறோம், விழா எடுக்கிறோம். அதே மனிதர் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1550-களில், புன்னைக்காயலில் நோயாளிகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். கடற்கரை மக்கள் கொடுத்த காணிக்கையில் அது நடந்தது. முத்துக்குளித்துறையில் ஐரோப்பிய முறையில் அமைந்த முதல் ஆஸ்பத்திரி என்றே அதைச் சொல்ல வேண்டும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முத்துக்குளிப்பு என்றால் முத்துதான் நினைவுக்கு வருகிறது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவனுடைய காது என்ன ஆகும், சுறா வந்தால் என்ன ஆகும் என்று யார் நினைக்கிறோம்? 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு முடியும்வரை இதே கதைதான். அப்படிப்பட்ட ஊரில் படுக்க ஒரு பாய், கஞ்சி ஊற்ற ஓர் ஆள் இருந்தது சின்ன விஷயமா?

நான் புதுச்சேரிக்காரன், படித்ததெல்லாம் பிரெஞ்சில். பாரிஸில் நோத்ர்தாம் கோயிலை ஒட்டி 'ஒத்தேல் தியு' என்று ஓர் ஆஸ்பத்திரி உண்டு என்றும், அதற்குக் கடவுளின் விடுதி என்று அர்த்தம் என்றும் எங்கள் வாத்தியார் சொல்லித் தந்தார். ஏழாம் நூற்றாண்டில் தொடங்கியதாம். அங்கே பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இங்கே நமக்கு நாசரேத்தில் 1870-ல் டாக்டர் ஸ்டிராக்கன் தொடங்கிய லூக்கா மருத்துவமனையைத் தெரியும், அது இன்னும் நடப்பதால். கட்டடம் போய்விட்டால் பேரும் போய்விடுகிறது.

இதில் என் சொந்த வலியும் கொஞ்சம் இருக்கிறது. என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு உதவியாளர். உயரமான கூரை, பச்சைச் சாயம் அடித்த மரச் சன்னல்கள். மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு நான் போய் நிற்பேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் பார்க்கப் போனேன். இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள். ஒரு புகைப்படம்கூட எங்களிடம் இல்லை. என் பேரனிடம் நான் எதைக் காட்டுவேன்?

புன்னைக்காயலில் மண்டபம் வேண்டாம், சிலை வேண்டாம். அடிகளார் 1600-ல் இறந்ததும் தூத்துக்குடியில் அடக்கமானார், அங்கே பனிமய மாதா கோயில் இருக்கிறது. புன்னைக்காயலில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பலகை போதும். ஊராட்சிக்கு மனு எழுதிவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் குறிப்பாணை எழுதிய கை, வாசகத்தையும் சேர்த்தே எழுதிவிட்டது: "1550-களில் இவ்வூரில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஊர் மக்கள் காணிக்கையில் நடந்தது."

வீட்டில் படித்துப் பார்த்த என் மனைவி தூத்துக்குடிக்காரி. "ஆஸ்பத்திரின்னு போர்டு வச்சா, காய்ச்சல்காரன் வந்து நிக்கப் போறான்" என்றாள். 'இருந்தது' என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி மனுவில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.