மாலை வாடும், பதிவு நிற்கும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் நம் கிளைத் தோழர்கள் கூடியிருந்தபோது, ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். மகள் ஜெர்மனியில் செவிலியர். அந்நாட்டு இளைஞர் ஒருவரை மணக்க முடிவு செய்திருக்கிறார். பெற்றோருக்கு மறுப்பில்லை. "பதினைந்து நாள் விடுப்பில் இரண்டு பேரும் வருகிறார்கள். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் நாலு பேருக்குச் சோறு போட்டுவிடுகிறேன். போதுமல்லவா?" என்று கேட்டார்.

போதாது, ஐயா. சோறு போடுங்கள், நாமும் வந்து வாழ்த்துகிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் உங்கள் மகள் மறுநாளும் மணமாகாதவர்தான். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். மாப்பிள்ளை அப்படி அல்லவே! நாளை அவர் கைவிட்டுப் போனால் எதைக் காட்டி வழக்குப் போடுவது? புகைப்படத்தையா?

"சுயமரியாதைத் திருமணமாக வைத்துக்கொள்ளலாமே" என்றார் இளந்தோழர் ஒருவர். அதன் வரலாற்றை நாம் மறந்துவிடக் கூடாது. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி, ஊரறிய நடந்த திருமணங்கள் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தவர்களின் மணமே கேள்விக்குள்ளானது. 1967-இல் அண்ணா ஆட்சி சட்டத் திருத்தம் கொண்டுவந்து, நடந்து முடிந்த மணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கிய பிறகே அந்தக் குறை தீர்ந்தது. கொள்கை மட்டும் போதாது, சட்டத்தின் காப்பும் வேண்டும் என்பதே அதன் பாடம். அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்குரியது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி இங்கே வராது. அதுவும் இந்துக்கள் இருவருக்குத்தான்.

நம் கன்னடத் தோழர்களுக்கும் எளிய மணம் புதிதல்ல. கவிஞர் குவெம்பு 1966-இல் தம் மகன் தேஜஸ்வியின் திருமணத்தை 'மந்திர மாங்கல்யம்' என்ற முறையில் ஆடம்பரமின்றி நடத்தினார். எளிமை நல்லது. எளிமையோடு பதிவும் வேண்டும்.

சரி, வெளிநாட்டவரை இங்கேயே மணக்க என்ன வழி? 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். சாதி, மதம், நாடு எதையும் அது கேட்பதில்லை. யாரும் மதம் மாறத் தேவையில்லை. மணமகனுக்கு 21 வயது, மணமகளுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அறிவிப்புக் கொடுக்கும் முன் அந்த மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பைத் திருமண அலுவலர் தம் அலுவலகத்தில் ஒட்டி வைப்பார். மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் 3 சாட்சிகளோடு கையெழுத்து.

கணக்குப் பாருங்கள், தோழர்களே! 30-உம் 30-உம் 60. பதினைந்து நாள் விடுப்புக்கு மல்லுக்கட்டும் செவிலியருக்கு அறுபது நாள் எங்கே கிடைக்கும்? அந்த ஒட்டப்பட்ட தாளைப் பார்த்துச் சாதி வெறியர்களும் மத வெறியர்களும் வீட்டுக்கு வந்து மிரட்டிய கதைகள் வேறு. மணமக்கள் விரும்பினால் மட்டுமே அறிவிப்பை வெளியிடலாம் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்கும் அதுவே விதியாக வேண்டும் என்பது நம் கோரிக்கை.

ஜெர்மனியிலேயே மணக்கலாமா? மணக்கலாம். அங்கே 1876 முதல் அரசுப் பதிவாளர் முன் நடப்பதே சட்டப்படி திருமணம். ஆனால் வெளிநாட்டவர் தமக்கு மணத்தடை இல்லை என்று தம் நாட்டின் சான்று தர வேண்டும். அவர்கள் கேட்கும் வகையில் அதை இந்தியா வழங்குவதில்லை. ஆகவே அந்நாட்டு மேல் நீதிமன்றத்தில் விலக்கு வாங்க வேண்டும். நம் பிறப்புச் சான்று முதலியவற்றைச் சரிபார்க்கவே மாதக்கணக்கில் ஆகும். இப்போதே தொடங்க வேண்டும்.

இதற்காகவே பல இணைகள் டென்மார்க் போகிறார்கள். அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. 2019 முதல் ஒரே அரசு அலுவலகம் தாள்களைப் பார்த்து அனுமதி தருகிறது. இது புதுமையுமல்ல. இங்கிலாந்தின் ஜான் லெனனும் ஜப்பானின் யோகோ ஓனோவும் 1969-இல் ஜிப்ரால்டருக்குப் போய் மணந்ததும் அங்கே சுருக்கமாக முடியும் என்பதால்தான். ஆனால் கையில் காசுள்ளவனுக்குத்தான் தீவும் விமானமும். இல்லாதவனுக்கு வரிசைதான்.

எந்த நாட்டில் மணந்தாலும், அயல்நாட்டுச் சட்டப்படி நடந்த மணத்தை இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ள 1969-ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தில் வழி உண்டு. அதைத் தவறவிடக் கூடாது.

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு இது ஏட்டில் படித்த செய்தி அல்ல. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் அம்மா ஒருவர், மனைவி என்பதற்குச் சான்று என்றதும், முந்தானையில் சுற்றி வைத்த பழைய கல்யாணப் படத்தை எடுத்து நீட்டுவார். படத்தில் மாலை இருக்கும், மாப்பிள்ளை இருப்பார், மண்டபம் நிறைய ஆள் இருப்பார்கள். அதில் முத்திரை இருக்காது. அந்த அம்மா உள்ளூரில் மணந்தவர். ஓடியாடி உறவினரைச் சாட்சிக்குக் கூட்டி வரலாம். கடல் கடந்து மணந்த பெண் யாரைக் கூட்டி வருவாள்?

ஆகவே அந்தப் பெரியவருக்கு நாம் சொன்னது இதுதான்: முதலில் அங்கே பதிவு, பிறகு இங்கே மாலையும் சோறும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் தாள்களுக்குப் பணம் கட்டுங்கள். "மூன்றே நாளில் முடித்துத் தருகிறேன்" என்னும் தரகனிடம் ஏமாறாதீர்கள். பெண்ணின் பிறப்புச் சான்றிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அங்கே நிறுத்திவிடுவார்கள்.

பெரியவர் எழுந்தபோது தயங்கிக் கேட்டார்: "நம் ஆட்கள் என்ன சொல்வார்களோ?"

நம் ஆட்கள் நாம்தானே, ஐயா! வேறு சாதியில், வேறு மதத்தில், வேறு நாட்டில் துணை தேடிய பிள்ளைகளுக்கு இங்கே சாட்சிக் கையெழுத்துப் போட மூவர் கிடைக்கவில்லை என்றால், சங்கம் என்று ஒன்று எதற்கு? தேவைப்படும் குடும்பங்கள் கிளைக்கு வாருங்கள். விண்ணப்பம் நிரப்புவோம், அலுவலகத்துக்குக் கூட வருவோம், பேனாவையும் கொண்டு வருவோம்.