மரியாதை தெரியாத பிள்ளையா?

அண்மையில் தில்லை நகரில் ஓர் உறவினர் இல்லம் சென்றிருந்தோம். அவ்வீட்டுச் சிறுவன் ஸலாமுக்குப் பதிலுரைக்காமல், முகமும் நோக்காமல், சத்திரம் பேருந்து நிலையத்தின் தடங்களை வரிசையாக ஒப்பித்தான். "மரியாதை தெரியாத பிள்ளை!" என்றார் முதியவர் ஒருவர். தாயின் கண்கள் கலங்கின.

இது வளர்ப்பின் குறையன்று. கண் நோக்கத் தயங்குதல், ஒரே பொருளில் ஆழ்ந்திருத்தல், கேலியையும் மெய்யென எண்ணுதல், வழக்கம் மாறினால் பதறுதல், பேரொலி தாளாமை ஆகியவை சிலருக்குப் பிறவியிலமைந்த இயல்புகள். வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் இவற்றை விவரித்தார். ஆஸ்பெர்கர் எனத் தனியே வழங்கிய இந்நிலை இன்று ஆட்டிசத்துள் அடங்கும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளது.

எனவே தாயைப் பழிக்காதீர்கள். விருந்தினர் வருகையைப் பிள்ளைக்கு முன்னரே அறிவியுங்கள், சுற்றிவளைக்காமல் பேசுங்கள், மறுமொழிக்குப் பொறுத்திருங்கள். ஐயமிருப்பின் குழந்தைநல மருத்துவரை நாடுங்கள்.