கேடி யார்?

நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு விளையாட்டைக் கற்கக் கிளம்புகிற மனிதனைப் பற்றி அவன் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதை எழுதாமல் விடுவதே நலம். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் நாம் கிளம்பத்தான் செய்தோம். காரைக்குடிக்கு அருகே வற்றிக் கிடந்த ஒரு கண்மாயில் மூன்று மாத காலம் பழகிய தைரியத்தில், மதுரை, வத்தலக்குண்டு வழியாக மலையேறிக் கொடைக்கானல் கோல்ப் மைதானத்தை அடைந்தோம். அழைத்துச் சென்றவர்கள் இருவர். ஒருவர் செட்டியார், மற்றவர் வக்கீல். இருவரும் நமது பழைய சிநேகிதர்கள். அந்தச் சிநேகிதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தார்கள் போலும்!

கோல்ப் என்பது ஏதோ சீமைச் சமாசாரம் என்று வாசகர்கள் மிரள வேண்டியதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் செம்மண் தெருவில் குழி பறித்து, கோலிக் குண்டை உருட்டி அதில் விழச் செய்கிறார்கள் அல்லவா? அதையே பெரியவர்கள் நூற்றுக்கணக்கான கஜத்துக்கு அப்பாலிருந்து நீண்ட மட்டைகளைக் கொண்டு செய்தால் அது கோல்ப் ஆகிவிடுகிறது. குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். ஆட்டக்காரர் ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். குழிகள் 18, மிகக் குறைந்த அடிகளில் அத்தனை குழிகளையும் முடிப்பவரே வெற்றி பெற்றவர். 18 என்ற கணக்கு ஸ்காட்லாந்தில் பிறந்தது. அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்கு 22 குழிகள் இருந்ததை 1764-ல் 18 ஆகக் குறைத்தார்கள். நாளடைவில் உலகமே அதை ஒப்புக்கொண்டது.

ஆங்கிலேயர் நம் நாட்டுக்கு வந்தபோது இந்த விளையாட்டையும் கூடவே கொண்டு வந்தார்கள். கல்கத்தாவில் 1829-ல் தோன்றிய கோல்ப் சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ளவற்றுள் மிகப் பழமையானது. கொடைக்கானலில் 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் குடியேறினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1895-ல், அங்கும் கோல்ப் சங்கம் ஏற்பட்டது.

சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ள அந்த மைதானத்தில் சமதரை என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மட்டையை ஓங்கும்போது ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் இருக்கும். மலைக் காற்றுக்கு அடர்த்தி குறைவு; ஆகையால் சமவெளியில் போவதைக் காட்டிலும் பந்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதிக தூரம் பறக்கிறது. கீழ்நாட்டில் கற்ற அளவெல்லாம் அங்கே பொய்த்துவிடுகிறது. திடீரென்று மூடுபனி வந்து குழியையும் கொடியையும் விழுங்கிவிடும். போதாக்குறைக்குக் காட்டு மாடுகள் வேறு சாவதானமாக மேய்கின்றன. வழி யாருக்கு என்று வக்கீலைக் கேட்டோம். "சந்தேகமென்ன, வாத்தியாரய்யா? அவைகளுக்குத்தான். அனுபோக பாத்தியதை!" என்று சொல்லி, அவர் மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

நமது மட்டைப் பையைச் சுமக்க ஓர் இளைஞர் வந்தார். "இவர்தாம் உங்கள் கேடி" என்று வக்கீல் அறிமுகம் செய்தார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலீஸ் ஸ்டேஷன் பட்டியலில் உள்ளவர்களை அல்லவா கேடி என்போம்? பிறகுதான், பை சுமந்து வழி காட்டும் உதவியாளருக்கு இந்த விளையாட்டில் அதுவே பெயர் என்று தெரிந்தது. அந்த மலையின் ஒவ்வொரு சரிவும் அவருக்குப் பாடமாயிருந்தது. "குழியைப் பார்த்து அடிக்காதீங்க சார், மேட்டைப் பார்த்து அடிங்க. பந்து தானே இறங்கி வரும்" என்பார். அவர் சொன்னபடி பந்து இறங்கியது; நாம் நினைத்தபடி ஒரு முறைகூட இறங்கவில்லை.

ஏழாவது குழியில்தான் விபரீதம் நேர்ந்தது. நமது பந்து சரிவில் உருண்டு புதரோரம் போய் ஒளிந்துகொண்டது. நண்பர்கள் மேட்டுக்கு அந்தப் புறம் போய்விட்டார்கள். நாம் மட்டையை ஓங்கி வீசினோம், பந்து அசையவில்லை. மறுபடியும் வீசினோம், புல் பறந்தது, பந்து அப்படியே இருந்தது. மூன்றாம் முறைதான் வெளியே வந்தது. பந்தைக் குறிவைத்து வீசிய வீச்சு, படாவிட்டாலும் ஓர் அடியாகவே கணக்காகும் என்பது விதி. குழியருகே அட்டையும் பென்சிலுமாக நின்றிருந்த செட்டியார், "வாத்தியாரய்யா, எத்தனை?" என்று கேட்டார்.

உண்மையில் எட்டு. நாம் சொன்னதோ, "ஆறு."

செட்டியார் எழுதிக்கொண்டார். கேடி ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மட்டையைத் துடைத்தார்.

அடுத்த ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்த நடை மிக நீண்டதாயிருந்தது. முதல் நாள் இரவு வக்கீல் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. 1925-ல் அமெரிக்க ஓபன் பந்தயத்தில், பாபி ஜோன்ஸ் அடிக்க ஆயத்தமானபோது பந்து இம்மியளவு அசைந்ததாம். வேறு யாரும் அதைக் காணவில்லை. அவரே சொல்லி, தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் சம அடிகளில் நின்று, மறு ஆட்டத்தில் தோற்றார். ஜனங்கள் புகழ்ந்தபோது, பாங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் புகழ்வதுண்டா என்ற கருத்தில் பதில் சொன்னாராம். நாமோ பந்தயமும் இல்லாமல், பரிசும் இல்லாமல், இரண்டு அடிகளைத் திருடியிருந்தோம். வருஷம் தவறாமல் பரீட்சை மண்டபத்தில் பையன்களின் கையையும் கண்ணையும் கண்காணித்து வரும் உபாத்தியாயரின் யோக்கியதை இது!

"செட்டியாரே, ஆறு அல்ல, எட்டு" என்றோம்.

அவர் வியக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஆறை அடித்து எட்டு என்று எழுதினார். "எங்கள் வீட்டில் ஐந்தொகை போடும்போது ஒரு காசு இடித்தால் விடிய விடிய விளக்கெரியும். எரிகிற எண்ணெய் அந்தக் காசைவிட அதிகந்தான். ஆனால் காசுக்காகவா தேடுகிறோம்?" என்றார்.

"எட்டுதான் சார்" என்றார் கேடி மெதுவாக. ஆக, அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

அன்றைய நமது மொத்தக் கணக்கை வெளியிட இந்தப் பக்கத்தில் இடம் போதாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் துரைமார்களின் பையைச் சுமக்க மட்டுமே நம்மவர்களுக்கு இந்த மைதானங்களில் இடமிருந்தது. அதே வேலையில் தொடங்கிய டில்லி அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓபன் பந்தயத்தை வென்றார். பெங்களூரில் பை சுமந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பந்தயத்தை வென்றார். துரைமார் போய்விட்டார்கள், விளையாட்டு நம்முடையதாகிவிட்டது. இதில் பெரும்பாலும் நடுவர் கூட வருவதில்லை. அவரவர் குற்றத்தை அவரவரே எண்ணிச் சொல்ல வேண்டும். சுயராஜ்யம் என்ற சொல்லுக்கு இதைவிடக் கடினமான பொருள் நமக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு வகுப்பில் ஒரு சிறு பரீட்சை வைத்தோம். வினாக்களைக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் தாழ்வாரத்தில் போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே என்ன நடந்தது என்று நாம் விசாரிக்கவில்லை. அது அவரவர் கணக்கு.