தகவலாளி எனப்படும் கவிஞர்கள்

தமிழின் தலைசிறந்த பாடலாசிரியர் யார் என்று கேட்டால் நம்மவரிடம் மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கும்: கண்ணதாசன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், வாலி. இளையோர் வைரமுத்துவையும் நா. முத்துக்குமாரையும் சேர்த்துக்கொள்வர். மூத்தோர் பாபநாசம் சிவனையும் உடுமலை நாராயணகவியையும் நினைவூட்டுவர். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் பொங்கலையொட்டி நடக்கும் பட்டிமன்றங்களில் இப்பெயர்களே அடிபடுகின்றன. சிற்றிதழ்க்காரர்கள் பட்டிமன்றத்தை எள்ளி நகையாடுவர். ஆயின் அவர்கள் போடும் பட்டியலிலும் வரிசை மட்டுமே மாறியிருக்கும். பாடலாசிரியர் என்றால் திரைப்பாடலாசிரியர் மட்டுமே என்று நாம் எந்நாளில் முடிவு செய்தோம்?

கண்ணதாசனோடு நமக்கு வழக்கில்லை. 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டையாரை எவ்வளவு போற்றினாலும் தகும். உப்பளத்தையும் உழவையும் அறிந்த கை திரையுலகில் எழுதியது சில ஆண்டுகளே; அதற்குள் அவர் செய்தது பிறர் நாற்பது ஆண்டுகளில் செய்யாதது. ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. கண்ணதாசனுக்கு 1980ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 'சேரமான் காதலி' என்ற புதினத்துக்கு. நாடே முணுமுணுத்த அவர் பாடல்களை அந்த அவை இலக்கியமாகக் கொள்ளவில்லை. பாட்டு எழுதுபவன் கவிஞனா என்ற ஐயம் கற்றோரிடையே அத்துணை வலுவாக இருந்தது. 2016இல் பாப் டிலனுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது நம் பேராசிரியர் பெருமக்களில் சிலர் முகம் சுளித்ததும் அவ்வையத்தின் மிச்சம்தான். திரைப்பாட்டும் இலக்கியமே என்று வாதாடி ஒருவாறு வென்றோம். வென்றபின் உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொண்டோம். வெளியே நிற்பவர்கள் யார் என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

தமிழ்த் துறைகளில் நாட்டுப்புறவியல் என்றொரு தாள் உண்டு. மாணவர் களஆய்வு செய்ய வேண்டும். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு என்று பத்து இருபது பாடல்களைத் தொகுத்துத் தர வேண்டும். ஏட்டின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை வரும். அதன் தலைப்பு: தகவலாளிகள். பெயர், வயது, சாதி, கல்வி, தொழில், ஊர். நாம் திருத்திய ஏடொன்றில் மீஞ்சூருக்கு மேற்கேயுள்ள சிற்றூரைச் சேர்ந்த முதியவள் ஒருத்தியின் ஒப்பாரி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீடானாலும் அவளை அழைத்துப்போவார்களாம். போனவுடன் அவள் பாடத் தொடங்குவதில்லை. இறந்தவருக்கு என்ன பிடிக்கும், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்த மகள் வந்து சேரவில்லை என்பதையெல்லாம் கேட்டறிவாள். பிறகு அந்த வீட்டுக்கென்றே ஒரு பாட்டு எழும். பழைய அடிகள் பாதி, அன்று பிறந்த அடிகள் பாதி. எதுகையும் மோனையும் தாமாக வந்து விழும். சண்டைபோட்டுப் பிரிந்த தம்பியை வாசலில் வைத்தே பாட்டில் ஏற்றுவாள். அவன் அழாமல் நிற்க முடியாது. இவ்வளவும் மாணவர் எழுதிய குறிப்பில் இருக்கிறது. அட்டவணையிலோ அவள் பதினான்காம் எண் தகவலாளி. கல்வி: இல்லை. தொழில்: கூலி.

தகவல் தருபவள் தகவலாளி. அவள் தந்தது தகவலா? ஒரு புதுக்கவிஞரின் தொகுப்பை ஆராய்பவர் அவரைத் தகவலாளி என்று எழுதினால் அத்தொகுப்பை வெளியிட்டவரே வழக்குப் போடுவார்.

இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை 1871இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். பெர்சி மாக்வீன் என்ற அதிகாரி திரட்டியவற்றை கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி'யாகப் பதிப்பித்தார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' பின்னர் வந்தது. அதில் பாடலின் அடியில் சேகரித்தவர் பெயரும் ஊரும் உண்டு. அந்த நேர்மையை நாம் வணங்குகிறோம். இந்நால்வரும் செய்த பணி இல்லையேல் நம்மிடம் ஒன்றுமே இருந்திராது. ஆயினும் தொகுத்தவர் பெயரும் பதிப்பித்தவர் பெயரும் நமக்கு மனப்பாடம். பாட்டைக் கட்டியவள் பெயர் தெரியாது. 'மக்கள் பாட்டு, மக்களே ஆசிரியர்' என்று இதற்கு ஓர் அழகிய விளக்கமும் வைத்திருக்கிறோம்.

அவ்விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. வாய்மொழிப் பாட்டு ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குப் போகும்போது மாறும். ஊருக்கு ஊர் திரியும். முதலில் கட்டியவரைத் தேடிப்போனால் கிடைக்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் யாரோ ஒருவர் செய்கிறார். கூட்டம் சேர்ந்து வாய் திறந்து ஒரு புது உவமையைச் சொல்வதில்லை. நடவு வயலில் முதலடி கொடுப்பவள் ஒருத்தி, வாங்கிப் பாடுபவர்கள் பலர். யார் அடி கொடுத்தால் வேலை ஓடும் என்பது வயலில் நிற்கும் அனைவர்க்கும் தெரியும். 'இது இன்னாருடைய பாட்டு' என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். நாம் கேட்பதில்லை.

கேட்கக் காலமும் குறுகிவருகிறது. வயலுக்குப் போன பெண்களின் பேத்திகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நிறுவனப் பேருந்தில் போகிறார்கள். நடவுப்பாட்டு குனிந்த முதுகுகளின் வேகத்துக்கு அளவெடுத்தது. இயந்திர இரைச்சலுக்கு நடுவே முறைவேலை பார்ப்பவர் அதைப் பாட வழியில்லை. நாற்று நடும் இயந்திரமும் வந்துவிட்டது. இதற்காக ஒப்பாரி வைக்கச் சொல்லவில்லை. அந்தக் கூலி வாழ்வு திரும்ப வேண்டும் என்று எந்தப் பேத்தியும் விரும்பமாட்டாள், நாமும் விரும்பவில்லை. பாட்டி கவிஞர் என்பதைப் பேத்தியாவது அறிய வேண்டாவா என்பதே நம் ஆதங்கம்.

தொல்காப்பியம் நம்மைவிடப் பெருந்தன்மையானது. செய்யுளியலில் பண்ணத்திக்கு இடம் வைத்தார் ஆசிரியர். உரைகண்ட பேராசிரியர் மோதிரப்பாட்டு, கடகண்டு முதலிய வழக்குப் பாட்டுகளை அதற்குச் சான்றாக்கினார். இளங்கோவடிகள் அம்மானையையும் ஊசல்வரியையும் எங்கிருந்து எடுத்தார்? மணிவாசகர் பொற்சுண்ணம் இடித்த பெண்களிடம் கற்றார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய காவடிச்சிந்து நடந்துபோகும் கால்களின் தாளத்திலிருந்து பிறந்தது. அச்சிந்துக்கு இரா. திருமுருகன் பாவியல் வகுக்கும்வரை நம் வகுப்பறைகள் அதை யாப்பாகவே மதிக்கவில்லை.

வகுப்பறை என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கும்மிடிப்பூண்டித் தடத்திலும் திருவள்ளூர்த் தடத்திலும் மின்தொடர் வண்டியேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குப் போகும் மாணவர்கள் பெட்டியின் தகட்டைத் தட்டிக் கானா பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். செய்தித்தாள்களில் அவர்கள் 'ரூட்டு தல' மோதலுக்காக மட்டுமே இடம் பெறுகிறார்கள். மோதலை நாம் நியாயப்படுத்தவில்லை. கத்தி எடுத்தவனைக் காவல்துறை பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் திருவொற்றியூருக்கும் பேசின் பாலத்துக்கும் இடையில், எதிரே நிற்பவனின் சட்டையைப் பார்த்தே நான்கடி கட்டி, அடிதோறும் இயைபு வைத்து முடிக்கும் பையன், மறுநாள் யாப்பருங்கலக்காரிகைத் தேர்வில் அசை பிரிக்கத் தெரியாமல் தோற்கிறான். தோற்றது அவனா, அவன் நாவிலிருந்த சிந்தைக் காட்டி அசையைக் கற்பிக்கத் தெரியாத நாமா?

கானாவுக்கும் திரையின் முத்திரை விழுந்த பிறகுதான் மரியாதை வந்தது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' வந்ததும் கானா உலகநாதனைத் தமிழ்நாடு அறிந்தது. 2012இல் 'அட்டகத்தி' வந்ததும் கானா பாலாவை அறிந்தது. வடசென்னைச் சாவு வீடுகளில் விடியவிடியப் பாடியவர்கள் அதற்குமுன் ஊமைகளாகவா இருந்தார்கள்? பாவலர் வரதராசனை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் உட்படக் கம்யூனிஸ்டு மேடைகளில் பாட்டால் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். இளையராஜாவின் அண்ணன் என்ற அளவில்தான் நம் பட்டியல்காரர்கள் அவரை அறிவார்கள்.

பெயர் என்பது வெறும் புகழ்ச்சி இல்லை, காசும்கூட. திரைப்பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்ற போக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்பே எழுதியவரின் உரிமத்தொகை சட்டத்தால் காக்கப்பட்டது. பெயர் இருந்தவர்களுக்கே முப்பத்தைந்து ஆண்டுப் போராட்டம். 'கிராமியப் பாடல்' என்று ஒலிநாடா உறையில் அச்சிட்டுவிட்டால் யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை.

2021இல் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யைப் பாருங்கள். நமக்கு அண்டையூரான அரக்கோணத்துக்காரர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அதில் பாட்டாக்கினார். அதே ஆண்டு ஓர் இசையிதழின் அட்டையில் அவர் படம் விடுபட்டதைப் பா. இரஞ்சித் கண்டித்தார். 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அவரில்லாமலே அப்பாட்டு அரங்கேறியது. எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்றார் அறிவு. மூவரும் சேர்ந்து ஆக்கியது என்றார் சந்தோஷ் நாராயணன். யார் பங்கு எவ்வளவு என்பதில் நாம் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. படித்தவர், பொறியியல் பட்டதாரி, கையில் ஒலிவாங்கி வைத்திருப்பவர். அவருக்கே தம் பாட்டின்மேல் தம் பெயரை நிறுத்தப் போராட வேண்டியிருக்கிறது. பதினான்காம் எண் தகவலாளியின் கதி என்ன?

இன்னும் ஒருவரைச் சொல்லி முடிக்கிறோம். சிப்காட்டை ஒட்டிய தேநீர்க் கடைகளில் மாலையில் பீகாரிலிருந்து வந்த தொழிலாளர் கூடுகிறார்கள். கைபேசியில் போஜ்புரிப் பாட்டு ஒலிக்கிறது. அம்மொழியில் பிகாரி டாக்கூர் (1887-1971) என்றொரு பாட்டுக்காரர் இருந்தார். பிறப்பால் நாவிதர், பிழைப்புக்காகக் கரக்பூர் போய்த் திரும்பியவர். வேலை தேடிப் பரதேசம் போன கணவனை நினைத்து ஊரில் கிடந்து வாடும் பெண்ணின் குரலில் அவர் ஆக்கிய 'பிதேசியா' என்ற கூத்து இன்றும் ஆடப்படுகிறது. பாலைத்திணையை வகுப்பில் விளக்கிவிட்டுப் புகைவண்டி நிலையத்துக்கு நடக்கும் நாம், அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறோம். அங்கே உட்கார்ந்திருப்பவனிடம் அது யார் பாட்டு என்று கேட்டால், ஊர்ப் பாட்டு என்று சொல்லாமல், பெயரைச் சொல்லக்கூடியவன் அவன்.