காளைக்கு மாலை, கிடைக்குப் பூட்டா?

வாடிவாசல் திறக்கிறது, காளை சீறி வருகிறது, ஆரவாரம் வானைப் பிளக்கிறது! 2017 சனவரியில் அந்தக் காளைக்காகத் தமுக்கத்திலே இரவு பகல் பாராது அமர்ந்தோம், வென்றோம். நல்லது தோழர்களே! அந்தக் காளையை ஈன்ற பசு எங்கே மேய்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

புலிக்குளம் மாடு தொழுவத்து மாடல்ல, கிடை மாடு. அறுத்த வயலிலே இரவு தங்கி உரம் தரும். வயலிலே பயிர் ஏறிவிட்டால் மேய்ச்சல் தேடி நடக்கும். தேனிப் பக்கத்து மலைமாடுகளோ மேற்கு மலைச் சரிவுகளை நம்பியே வாழ்ந்தவை.

அந்த மலையின் உச்சியிலே மரமில்லாத முகடுகள் உண்டு. புல்லே அங்கு போர்வை. வெள்ளையன் அதைத் தரிசு என்றான். பழனிமலை உச்சியிலே சீகையையும் தைல மரத்தையும் நட்டுப் புல்வெளியை விழுங்கவிட்ட கதை, அவன் போன பிறகும் தொடர்ந்ததே! புல் குடிக்கும் மழைதான் ஓடையாகிறது. வருசநாட்டு மலையிலே பிறக்கும் வைகைதான் மதுரைக்கு வருகிறது.

2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது; பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். 2022 மார்ச்சில், காட்டுக்குள் மாடே கூடாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். பின்னர், சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் இவற்றுக்கு மட்டுமே தடை என்று திருத்திற்று. திருத்தம் வந்தும், மேகமலையை நம்பியவனுக்குக் கிடைத்தது என்ன? அவன் மலைதான் காப்பகமாயிற்றே!

நாம் புலிக்குப் பகைவரல்லர். வைகையின் ஊற்றைக் காப்பது நம் வயிற்றைக் காப்பது. அளவு மீறி மேய்ந்தால் புல் சாகும், அதையும் மறைக்கவில்லை. ஆனால் மேகமலைத் தேயிலைத் தோட்டம் இருக்கலாம், மாட்டுக்காரன் மட்டும் இறங்க வேண்டும் என்றால், இது என்ன நியாயம்? பசுவைத் தாயென்று பூசிப்போரும் இந்தப் பசுவின் பசியைப் பேசக் காணோமே!

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பருவந்தோறும் மேய்ச்சலுக்கு வந்து போவோர் உரிமையையும் ஏற்கிறது. எங்கே எல்லை, எந்த மாதம், எத்தனை மாடு என்பதை மாட்டுக்காரனை உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள் என்கிறோம். சட்டமோ 3 தலைமுறைச் சான்று கேட்கிறது. வனத்துறை அந்நாளில் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த மேய்ச்சல் சீட்டு எந்தப் பாட்டன் பெட்டியிலாவது கிடக்கும். தேடுங்கள் தோழர்களே! மே 1 கிராம சபையிலே அதை மேசைமீது வையுங்கள்.