இலையைத் திருப்பிப் பாருங்கள்



இந்த இதழில் புதைபடிவப் பெரணிகளைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெறுகிறது. கல்லில் பதிந்த இலைக்கு இத்தனை பக்கங்களா என்று சிலர் கேட்கக்கூடும். சாயலை வைத்து உறவை முடிவுகட்டினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அறிவியலில் குறைவு.

ஐரோப்பாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் பெரணி போன்ற இலைப் படிவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. 1820களில் பிரெஞ்சு அறிஞர் அடால்ஃப் பிரோங்னியார் அவற்றை இலை வடிவத்தையும் நரம்போட்டத்தையும் வைத்து வகைபிரித்தார். சிற்றிலையின் அடி முழுவதும் காம்போடு ஒட்டியிருந்தால் பெக்காப்டெரிஸ். அடி குறுகி ஒரே இடத்தில் தொட்டால் நியூராப்டெரிஸ். படிவங்களை அடுக்கி வைக்க இந்த முறை நன்றாகவே உதவியது. எல்லாம் பெரணிகளே என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள்.

1903இல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. லங்காஷயர் சுரங்கங்களில் கிடைத்த நிலக்கரி உருண்டைகளை மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தார்கள் ஆலிவர், ஸ்காட் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள். ஒரு விதையின் மேலுறையில் சின்னக் காம்பும் உருண்டைத் தலையுமாகச் சுரப்பிகள் தென்பட்டன. அச்சு அசலாக அதே சுரப்பிகள், பெரணி என்று கருதப்பட்ட லிஜினோடெண்ட்ரானின் தண்டிலும் இலையிலும் இருந்தன. பெரணிகள் ஸ்போர் தருபவை, விதை தருவதில்லை. ஆக, அது பெரணியே இல்லை. அடுத்த ஆண்டே ராபர்ட் கிட்ஸ்டன், நியூராப்டெரிஸ் இலையோடு ஒட்டியிருந்த விதையைக் காட்டினார். 1905இல் பிரான்சின் கிராண்ட்யூரி, பெக்காப்டெரிஸ் இனம் ஒன்றிலும் விதையைக் கண்டார். ‘விதைப் பெரணிகள்’ என்று தனிக்கூட்டமே உருவானது.

அப்படியானால் உண்மையான பெரணி எது? இலையின் அடிப்புறம்தான் சொல்லும். பெக்காப்டெரிஸ் இலைகள் சிலவற்றில், சிற்றிலையின் நடுநரம்புக்கு இருபுறமும் குட்டி நட்சத்திரங்கள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றும் சில ஸ்போர்ப் பைகள் அடியில் ஒட்டிக்கொண்ட கொத்து. இன்றும் வாழும் மராட்டியா குடும்பத்தின் அடையாளம் இது. வேறு குடும்பங்களில், பையை வெடிக்கச் செய்யும் தடித்த செல் வளையம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள்: அது உச்சியில் தொப்பிபோல இருந்தால் ஒரு குடும்பம், நெடுக்காகச் சுற்றினால் இன்னொன்று.

கிடைக்கும் படிவங்களில் பெரும்பாலானவை ஸ்போர்ப் பைகள் இல்லாத வெறும் இலைகளே. அவற்றுக்கு வடிவத்தை வைத்துப் பெயர் சூட்டிவிட்டு, உறவைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே தொல்தாவரவியலாளர்களின் வழக்கம். சான்று வரும்வரை காத்திருக்கும் இந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

உங்கள் வீட்டுத் தொட்டியில் பெரணி இருந்தால், முற்றிய இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தால், பூச்சி என்று மருந்தடித்துவிடாதீர்கள். அவைதான் ஸ்போர்ப் பைகளின் கொத்துகள். வட்டமா, கோடா, விளிம்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறதா என்று கவனித்து எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்